குப்பியில் இருந்த மணிக்கட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனி என் தொண்டையில் பரோட்டா இறங்காமல் போகட்டும். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் சேர்மக்கனி மாஸ்டர் வீசிய பரோட்டாவைச் சால்னா ஊற்றித் தின்ற வாய் இது. பொய் சொல்லாது.

வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்தரை மணிக்குச் சேர்மக்கனி நீதிமன்றத்தின் பின்கட்டிலுள்ள வலிக்காப்பகத்துக்குப் போவார். செருப்பை வெளியே கழற்றிவிடுவார். யாரும் கழற்றச் சொன்னதில்லை. எழுத்தர் ஆவுடையப்பன் குளிர்ப்பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைப்பார். அதன் செப்பு மூடியில் சேர்மக்கனி வலது ஆள்காட்டி விரலை வைப்பார். ஒரே நொடிதான். முகம் கோணும், பல் நறநறக்கும், கண்ணில் நீர் முட்டும். பிறகு சிரிப்பார்.

"இருக்கா அண்ணாச்சி?"

"இருக்குப்பா. சௌக்கியமா இருக்கு."

ஆவுடையப்பன் கணினிப் பலகையில் 'உயிருடன் உள்ளது' என்று தட்டிவிட்டு, குப்பியைத் துடைத்து உள்ளே வைப்பார். குப்பியில் இருந்தது சேர்மக்கனியின் வலது மணிக்கட்டின் வலி.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஆறு மட்டன் பிரியாணியைச் சுமந்து வந்த ஒரு பறவண்டி, அதாவது ட்ரோன், கடை வாசலில் தோசைக்கல்லுக்கு முன் நின்றிருந்தவரின் கைமேல் இறங்கிவிட்டது. ஒரு பருக்கை சிந்தவில்லை. மணிக்கட்டு மட்டும் நொறுங்கியது. இன்னொரு வண்டி வந்து பொட்டலங்களை எடுத்துப் போய்ச் சேர்த்தது. பிரியாணி வாங்கியவர் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்.

ஆம்புலன்சுக்கு முன்னால் வக்கீல் ஜெபசீலி வந்துவிட்டாள். கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரியும்கூட. தரையில் கிடந்தவரின் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, ஊசி கீசி போட விட்டுறாதீங்க. வலி குறைஞ்சா கேஸும் குறைஞ்சுரும்," என்றாள்.

அவள் சொன்னது சட்டப்படி சரி. முன்பெல்லாம் கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவன் வாசல் தாண்டியதும் பட்டையைக் கழற்றிவிட்டுக் கபடி ஆடப் போனான் என்பதால், மெய்வலிச் சான்றுச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீதிபதி தன் உடம்பில் உணராத எந்த வலிக்கும் இழப்பீடு கிடையாது. ஆகவே அடிபட்டவனிடமிருந்து வலியிறக்கி என்ற இயந்திரம் வலியை உறிஞ்சிக் குப்பியில் அடைத்து முத்திரை வைக்கும். விசாரணை நாளில் நீதிபதி உணர்முடியைத் தலையில் மாட்டி அதை அனுபவித்துப் பார்ப்பார். அதுவரை அடிபட்டவன் நோகாமல் இருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வலியை மட்டும் தனியாகப் பிரிக்க அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. சூடு, குளிர், எண்ணெயின் வழுக்கல், மாவின் இளக்கம் எல்லாம் சேர்ந்தே போய்விட்டன. எலும்பு ஒன்பது நாளில் கூடிவிட்டது. பத்தாம் நாள் சேர்மக்கனி மாவை எடுத்து வீசினார். அது எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் தோளில் துண்டு போலப் போய் விழுந்தது. பன்னிரண்டாம் நாள் கடை முழுக்கக் கருகல் வாடை. எந்தப் பரோட்டா என்று தேடினார்கள். அவர் கை கல்மேல் இருந்தது.

முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. இடது கையால் இலை போடும் வேலை கொடுத்தார்.

சேர்மக்கனி கணக்கு எளிமையானது. ஜெயித்தால் இழப்பீட்டில் புது நரம்பு வைத்துக்கொள்ளலாம். தோற்றால் சான்றுப்பொருளை உரியவரிடமே திருப்பித் தந்துவிடுவார்கள்; வலியோடு உணர்வும் வந்துவிடும். "ரெண்டுல எதுன்னாலும் கை வந்துரும்லா வக்கீலம்மா? எனக்கு அது போதும்," என்றார். ஜெபசீலி வந்துவிடும் என்றாள்.

முதல் நீதிபதி, இவர்களுக்கு முந்தைய வழக்கில், லிஃப்டில் நசுங்கிய ஒரு முழங்காலை உணர்ந்துவிட்டு எட்டு மாதம் விடுப்பில் போனார். இரண்டாமவர் உணர்முடியைப் பார்த்ததுமே மாற்றல் வாங்கிக்கொண்டார். பறவண்டியைக் கூண்டில் ஏற்றினார்கள். அது காற்றைக் கைகாட்டியது. காற்றுக்குச் சம்மன் அனுப்பலாமா என்று இரண்டு வருடம் வாதம் நடந்தது. பறவண்டிக் கம்பெனியின் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் குப்பியைத் தொட்டுப் பார்த்து, 'ஆ' என்று அலறி, ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மாதம் ஒருமுறை உரியவர் வந்து வலி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துப் போக வேண்டும் என்பது விதி. வாரம் ஒருமுறை என்பது சேர்மக்கனியின் விருப்பம். ஆவுடையப்பன் இரக்கப்பட்டு அனுமதித்தார். அந்த ஒரு நொடிதான் அவர் கை அவருடையதாக இருந்தது. எலும்பு நொறுங்கும், உயிர் போகும். ஆனாலும் விரல் நுனியில் செம்பின் குளிர்ச்சி தெரியும். அதற்காகவே ஏழு வருடம் போனார்.

எட்டாம் வருடம் மூன்றாவது நீதிபதி உணர்முடியை மாட்டினார். பக்கத்தில் டாக்டர், ஸ்ட்ரெச்சர், சோடா எல்லாம் தயார். நீதிபதி கண்ணை மூடினார், திறந்தார். இடது கையால் வலது மணிக்கட்டை லேசாகச் சொறிந்துகொண்டார்.

"இதுக்கா ஏழு வருஷம்?" என்றார்.

தீர்ப்பு அரைப் பக்கம். மனுதாரருக்குக் கம்பெனி கொசுக்கடிக் களிம்பு ஒரு டியூப் வழங்க வேண்டும். சான்றுப்பொருளை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

காப்பகத்தில் வலியை அவர் கைக்குள் திரும்ப ஏற்றும்போது ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ஒவ்வொரு தடவ தொடும்போதும் ஒரு துளி கொறையும் அண்ணாச்சி. அத்தர் பாட்டிலத் தெறந்து தெறந்து பாத்தா மணம் நிக்குமா? நீங்க வாரம் பூரா இதுக்காகவே காத்துக் கெடப்பீங்க. எப்படி வராதீங்கன்னு சொல்ல?"

சேர்மக்கனி கடைக்குப் போய்க் கல்லுக்கு முன்னால் நின்று மாவைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டில் மெல்லிய அரிப்பு ஒன்று வந்து போனது. அவருக்கு மிச்சமிருந்த கை அவ்வளவுதான். அதைச் சொறிந்துவிட மனம் வராமல் அப்படியே நின்றார்.

மேல்முறையீடு போகலாமா என்று மறுநாள் கேட்டார். ஜெபசீலி வெகுநேரம் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, அதற்கு இருக்கிற வலி பற்றாது, புதிதாக அடிபட்டால்தான் உண்டு என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மதிய வேளைகளில் சேர்மக்கனி நடுச்சாலைக்கு வந்து, வானத்தைப் பார்த்தபடி வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேலே பிரியாணியோடு பறவண்டிகள் வரிசையாக வருகின்றன. இப்போது அவை மிகவும் திருந்திவிட்டன. அவர் கையைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை; சேர்மக்கனி பிறக்கத்தான் இன்னும் நாற்பத்தொரு வருடம் இருக்கிறது.