குடலைக் கவ்விய சாட்சி

அந்த மைனாவுக்கு ஓட்டல் முதலாளி ஐம்பதாயிரம் வரை விலை ஏற்றிக் கேட்டார். தையற்கார அம்மா அசையவில்லை. செத்துப்போன கணவரின் குரலில் "எழுந்திரும்மா" என்று காலையில் எழுப்பும் பறவையை எந்தத் தராசில் நிறுப்பது?

இப்போது அந்த அம்மா, பறவை மருத்துவரின் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, எப்படிச் செத்தது என்று பார்க்கச் சொல்லி அழுதார். அவர் வெளியூர் போயிருந்த நாலு நாளில், கொழுந்தன் வீட்டில் விட்ட மைனா செத்துவிட்டதாம். கொழுந்தனும் கூடவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"கூண்டைத் திறந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"திறக்கவே இல்லீங்க. அண்ணி குடுத்த பருப்பும் பழமும்தான்."

"குஞ்சுல இருந்தே அதுதாங்க," என்றார் தையற்கார அம்மா. "மாடி அறையை விட்டு இறங்கினதே இல்ல."

கம்பவுண்டர் ஆர்வமாகத் தட்டை நீட்டினான். தூக்கியபோது பறவையின் தலை ஒரு பக்கமாகத் துவண்டு தொங்கியது. டாக்டரம்மா குடலைக் கீறினார். பழுப்புச் சளிக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். ஒன்றைக் கம்பவுண்டர் இடுக்கியால் இழுத்தான். குடலும் கூடவே வந்தது.

"இழுக்காதே. தலை முழுக்க முள்ளு. குடல் சுவத்துல குத்திக்கிட்டுத் தொங்கும்."

"என்னத்தைத் தின்னுது? வாயே காணோமே!"

"வாயே கிடையாது. பறவை செரிச்சதைத் தோலாலேயே உறிஞ்சிக்கும்."

"எங்க மச்சான் மாதிரி," என்று முனகிவிட்டு, ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

டாக்டரம்மா கையைத் துடைத்தார். "கல்லுக்கடியில சுருண்டுக்கிற பூச்சியைத் தின்ன பறவைக்குத்தான் இந்தப் புழு வரும். பருப்புல வராது."

"ஆங், மறந்துட்டேன்," என்றான் கொழுந்தன். "ஒருநாள் தோட்டத்துல விட்டேன்."

"அப்படியா?" அவர் ஒரு புழுவைக் கண்ணாடியில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். "உள்ளே முட்டை முத்தியிருக்கு. அதுக்கு வாரக்கணக்கா ஆகும். நாலு நாள்ல முடியாது. அம்மா, இது உங்க மைனா இல்ல. வெளியில திரிஞ்ச பறவை. பிடிச்சுட்டு வந்து கழுத்தைத் திருகியிருக்காங்க."

தையற்கார அம்மா திரும்பினார். "எங்கடா என் மைனா?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். "ஓட்டல்ல... கல்லாப்பெட்டி பக்கத்துல."

கம்பவுண்டருக்கு மறுபடி குமட்டியது. இந்த முறை புழுவைப் பார்த்து அல்ல. "இந்தப் புழுங்ககூட, தாங்க ஒட்டியிருந்த பறவையைக் கொல்லல, டாக்டரம்மா."

மாலைக்குள் கணக்கு முடிந்தது. அண்ணிக்கு மைனா, ஓட்டல்காரருக்குப் பணம், கொழுந்தனுக்குச் சாத்திய கதவு. தட்டில் கிடந்த பறவைக்குத் தரவேண்டியது மட்டும் பாக்கி; கேட்க ஆளில்லை.