விபியாவுக்குச் சொன்ன வார்த்தை

காலையில் துவைத்து வீட்டுக்குள் கொடியில் போட்ட செவ்வந்தியின் பள்ளிச் சீருடை, அன்று மாலை ஷோபனா தொட்டுப் பார்த்தபோது அப்பளம் போல மொடமொடவென்று இருந்தது. வெளியே ஐப்பசி அடைமழை. மன்னார்குடியை ஒட்டி, வயலைத் தூர்த்து மனை போட்ட நகரில் ஒரு வாடகை வீடு அது. பின்சுவருக்கு அப்பால் சம்பா பயிர் தண்ணீரில் நின்றது, சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது, தலையணைகூட ஈர வாடை அடித்தது. ஃபேன் காற்றில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அசந்து போனவர்களுக்கு ஒரு நல்லது நடந்தால், ஏன் நடந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அவள் கல்லூரியில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவத்தைத் தவிர மற்றதெல்லாம் குறைச்சல்தான். முனைவர் பட்டம் முடித்தால் நிரந்தர வேலைக்கு ஒரு வழி பிறக்கும். ஆய்வு நெல்வயல் களைகளைப் பற்றியது, அந்தக் களைகளைப் பற்றி இருநூறு வருஷத்துக்கு முன்பு எழுதிவைத்ததெல்லாம் லத்தீனில் இருந்தது. அதனால் ஆறு மாதமாக ஆன்லைனில் லத்தீன் வாசிக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கணவன் தமிழரசன் மஸ்கட்டில். நான்கு வயது செவ்வந்தியைப் பள்ளி வேனிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து, சமைத்து, லேப்டாப்பைத் திறக்கும்போது கண் இரண்டும் மண் போட்டதுபோல் எரியும்.

போன வாரம் பாடம் கல்லறைக் கல்வெட்டுகளுக்கு வந்திருந்தது. பழைய ரோமானியச் சாலையோரங்களில் செத்தவர்களே வழிப்போக்கர்களிடம் பேசுவதுபோல் வெட்டிவைப்பார்களாம். திரையில் சாம்பல் நிறக் கல் ஒன்றின் படம். ஷோபனா அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, கடைசியில் வாய்விட்டு வாசித்தாள். ‘வழிப்போக்கரே, கொஞ்சம் நில்லுங்கள். நான் விபியா. என் ஒரே மகள் எனக்கு முன்னால் போய்விட்டாள். அவளை எங்கே வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.’

ஆறு மாதத்தில் அவள் முழுசாக வாசித்த முதல் பக்கம் அது. தூக்கம் கண்ணைச் செருகியது. வாசலில் நின்று ஒரு பெண் அப்படிக் கேட்டால் அவள் வளர்ந்த வீட்டில் என்ன சொல்வார்களோ, அது தானாக வாயில் வந்துவிட்டது.

“உள்ள வாங்க. உக்காருங்க.”

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. இதே ஊரில்தான் சாவு வீட்டுக்கு வருகிறவரை யாரும் ‘வாங்க’ என்று கேட்பதில்லை, போகிறவரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்வதில்லை. அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இது பாடம். லத்தீன். துக்க வீடென்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் முதல் வீட்டுக்குள் ஒரு வாடை. மழை வாடை இல்லை, புது வீட்டுக்குச் சலித்த சுண்ணாம்பு போல, மூக்குக்குள் காந்தும் உலர்ந்த வாடை. சொம்பில் வைத்த தண்ணீர் காலையில் பாதியாகியிருந்தது. மூடி வைத்த இட்லி மாவு மேலே ஏடு கட்டி வெடித்திருந்தது. செவ்வந்தியின் உதடு பாளம் பாளமாக வெடித்தது, தேங்காய் எண்ணெய் தடவத் தடவ உறிஞ்சிக்கொண்டது.

இன்று சீருடையை மடித்துவைத்துவிட்டு, மகளுக்குத் தோசை வார்த்துப் போட்டாள்.

“அவங்களுக்கும் ஒண்ணு குடும்மா.”

“எவங்களுக்குடி?”

“ரூம்ல இருக்காங்கல்ல. நடந்து நடந்து காலு வலிக்குதாம்.”

விபியா நடந்து அலைந்ததாக அந்தக் கல்லில் ஒரு சொல்கூட இல்லை, ஷோபனா வாசித்ததைக் கேட்டுச் சொல்லும் பேச்சில்லை இது. ஷோபனா அறைக்குள் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கட்டில், பீரோ, கொடி. யாருமில்லை. கட்டில் விரிப்பின் நடுவில் மட்டும், ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழி.

தமிழரசனுக்குப் போன் செய்தாள்.

“நீ தூங்கி எத்தனை நாளாச்சு? முதல்ல அந்த லத்தீன மூட்டை கட்டு,” என்றான்.

“வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கங்க. நெசமா.”

“கதவப் பூட்டிட்டுப் படும்மா. நாளைக்குப் பேசறேன்.”

படுக்கத்தான் அவளுக்கும் ஆசை. அழக்கூடத் தெம்பில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தவளை எந்த வார்த்தை சொல்லி அனுப்புவது? பாடத்தில் இருக்குமோ என்று லேப்டாப்பைத் திறந்தாள். அதே கல். அதே வரிகள்.

அடியில் இன்னொரு வரி.

புதிதாக வெட்டியதுபோல் வெள்ளையாக. போன வாரம் இல்லை. நிச்சயமாக இல்லை. பழகிய மாதிரியே ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். முதல் சொல், ‘கிடைத்தாள்’. அடுத்தது, ‘என் மகள்’. பிறகு எண்கள், அவற்றுக்கு அகராதி வேண்டாம். நான்கு ஆண்டு. மூன்று மாதம். பதின்மூன்று நாள். இறந்தவர் வயதை அப்படித்தான் கல்லில் நாள் வரைக்கும் கணக்கிட்டு வெட்டுவார்கள்.

செவ்வந்தி பிறந்தது ஆகஸ்ட் மூன்று. இன்று நவம்பர் பதினாறு.

விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கடைசிச் சொல்லை அவள் தேடவேயில்லை. அது எந்த அகராதியிலும் இருக்காது. ஒன்பது எழுத்து. S, E, V, V...

கூடத்தில் தட்டு மட்டும் இருந்தது. தோசை பாதி.

“செவ்வந்தி!”

மழைச் சத்தமும் இல்லை. சுண்ணாம்பு வாடை. சுவரைப் பிடித்துப் பிடித்து அறை வாசலுக்குப் போனாள்.

செவ்வந்தி கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் இல்லை. கட்டிலுக்கு ஒரு முழம் மேலே, ஒரு மடியின் உயரத்தில். அவள் தலைமுடி மூன்று கால்களாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறி, தானே பின்னிக்கொண்டு இறங்கியது. கை எதுவும் தெரியவில்லை.

“பாப்பா,” என்றாள் ஷோபனா. குரல் காற்றாக வந்தது. “அம்மாகிட்ட வாடா.”

குழந்தை திரும்பிப் பார்த்தாள். வெடித்த உதடு முழுக்க வெள்ளைத் தூள். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் ஷோபனாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தை நிமிர்த்தி, தனக்கு மேலே இருந்த வெறும் காற்றிடம் கேட்டாள்.

“இது யாரும்மா?”

பின்னல் பாதியில் நின்றது. செவ்வந்தியின் முகவாயில் ஐந்து விரல் தடம் வெள்ளையாகப் பதிந்தது. அது அவள் முகத்தை, மெதுவாக, சுவர்ப் பக்கம் திருப்பியது.