ஏழாம் வரிசையின் கால்

ஏழாம் வரிசையில் தரை வெள்ளையாகக் கிடந்தது. காலையில்தான் பெருக்கிய இடம். மேலே எந்த மூட்டையும் கிழிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ரேக்கின் உச்சித்தட்டிலிருந்து சோப்புத்தூள் நூல்போல விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

கிடங்கு சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். போன மாதம் இதே ரேக்கிலிருந்து சரிந்த சுமை ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரை நசுக்கிக் கொன்றது. ரேக்கின் கால் வளைந்திருந்ததுதான் காரணம். அதை மாற்றாமல், அன்று சாயங்காலமே பட்டி பூசித் தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, 'ஓட்டுநரின் தூக்கக் கலக்கம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரர்! இப்போது அந்தப் பட்டியில் விரிசல்.

செத்தவனின் தம்பிதான் இந்த வரிசையில் இப்போது வண்டி ஓட்டுகிறான். அவன் சூப்பர்வைசரின் தங்கை புருஷன். சாப்பாட்டு அவசரத்தில், தூக்கிய இரும்புக் கைகளை இறக்காமல், ரேக்கின் குறுக்குச் சட்டத்துக்கு அடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

"தண்டச்சோறு" என்று முணுமுணுத்தபடி, பெயின்ட் டப்பாவோடு கீழ்த்தட்டுக்குள் ஊர்ந்தார். உள்ளே சோப்பு நெடி மூக்கைத் துளைத்தது. தலைக்குமேல் எங்கோ, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல் இரும்பு இரும்போடு உரசியது. வெயிலில் கூரைத் தகரம் விரிகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிரஷை நனைத்தார். மறுபடி அந்தச் சத்தம். பக்கத்தில். ஒரு போல்ட் விழுந்தது. உருண்டது. நின்றது.

ரேக்கின் கால் மடங்கியது.

மேல்தட்டு அப்படியே இறங்கி, நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவர் முழங்கால் சட்டத்துக்கடியில் மாட்டிக்கொண்டது. மொத்தப் பாரத்தையும் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கைகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

"மாப்ள!"

மாப்பிள்ளை ஈரக் கையோடு ஓடிவந்தான். "ஐயோ மச்சான்! அசையாதீங்க!"

"வண்டியத் தொட்டுடாத. அதுதான் தாங்குது. ஓடிப்போய் ஆளுங்கள கூப்பிடு."

"இதோ மச்சான்."

திரும்பியவன் நின்றான். குனிந்தான். பட்டி உதிர்ந்த இடத்தில் பழைய வளைவு, அதில் துரு. சூப்பர்வைசரின் கையில் மஞ்சள் சொட்டும் பிரஷ்.

"இது இன்னிக்கு வளைஞ்சது இல்லயே?"

"அப்புறம் பேசலாம் மாப்ள. மொதல்ல ஆள கூப்பிடு."

"எங்கண்ணன் தூங்கிட்டான்னு சொன்னீங்க. எங்கண்ணி மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க."

"நீ கட்டியிருக்கறது என் தங்கச்சிய! மறந்துடாத!"

அவன் வண்டியில் ஏறினான். சாவி திரும்பியது. சூப்பர்வைசர் கத்தப் பார்த்தார். வாய் நிறையச் சோப்புத்தூள்.

மாப்பிள்ளை சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். ஹாரனை ஒருமுறை அடித்தான். பிறகு, ரிவர்ஸ் எடுக்குமுன் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, கழுத்தைத் திருப்பி நிதானமாகப் பின்னால் பார்த்தான்.

பின்னால் யாரும் இல்லை.