சனிக்கிழமை நிற்கும் எஞ்சின்

என் பெயர் ரெஜினா. வயது பதினொன்று. கோவளத்தில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறேன். சொந்த ஊர் கருங்குழி. வயல் வேலை குறைந்துபோனதால் போன வருடம், 2002இல், இங்கே வந்தோம்.

அப்பா பெட்ரோல் பங்கில் டீசல் வாங்கி, கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து ஐந்து படகுகளுக்குக் கொடுப்பார். அதுதான் எங்களுக்குச் சோறு.

அன்று சனிக்கிழமை. அந்த ஐந்தில் ஒன்றான வாசுதேவன் மாமாவின் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டதாம். டேங்கின் அடியிலிருந்து வடித்துப் பார்த்தால், டீசலோடு தண்ணீர்!

“இன்னா சின்னராசு, டீசல் குடுக்கிறியா, தண்ணி குடுக்கிறியா?” என்று மாமா அப்பாவிடம் கத்தினார்.

“அண்ணாத்த, வழியில நான் கேன் மூடியத் தொடறதுகூட இல்ல.”

“அப்போ டேங்குல எப்டி வந்துச்சு? மீனு ஏறி ஒண்ணுக்குப் போச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

“இன்னொரு தபா நின்னுச்சுன்னா, அஞ்சு போட்டுக்கும் வேற ஆளு பாத்துக்குவோம்” என்றார் மாமா.

வேலை போனால் கருங்குழிக்கே திரும்ப வேண்டும். என் பள்ளிக்கூடமும் போய்விடும்.

ஆனாலும், தண்ணீர் உண்மையிலேயே கேனில்தான் வந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம். மாமா வடித்து வைத்த வாளியருகே போய், “மாமா, இதுல கொஞ்சம் குடுங்க” என்றேன்.

“இன்னாத்துக்கு? தோசை சுடவா?”

ஒரு ஜாம் பாட்டிலில் அதை வாங்கிக்கொண்டேன். இன்னொரு பாட்டிலில் அப்பாவின் கேனிலிருந்து டீசல் எடுத்தேன். இரண்டையும் ஜன்னலில் வைத்தேன்.

“அப்பா, இதுக்கு முன்னாடி எஞ்சின் எப்போ நின்னுச்சு?”

“போன சனிக்கெழம. அதுக்கு முந்தின வாரமும் சனிக்கெழமதான். மத்த நாள்ல நல்லாத்தான் ஓடுது.”

“எஞ்சினுக்கும் சனிக்கெழம லீவு போல!” என்றான் தம்பி ஜோயல்.

மறுநாள் காலை பாட்டில்களைப் பார்த்தேன். கேன் டீசல் முழுக்க ஒரே நிறம். டேங்க் பாட்டிலிலோ மேலே டீசல், கீழே தண்ணீர். அப்படியென்றால் தண்ணீர் கேனில் வரவில்லை, டேங்கில்தான் சேர்கிறது!

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அடியில் ஏதோ மஞ்சளாகப் படிந்திருந்தது.

“துருவா இருக்கும்” என்றான் ஜோயல்.

“துரு இவ்ளோ மஞ்சளாவா இருக்கும்?”

எதிர்வீட்டுக் கல்யாணத்தில் ஆரத்தி கரைத்தது நினைவுக்கு வந்தது. வெற்றிலைக் கடைக்கு ஓடி, விரல்நுனி அளவு சுண்ணாம்பு வாங்கி வந்தேன். டீசலை மெதுவாக வடித்துவிட்டு, அடியில் நின்ற தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கினேன்.

குபீரென்று சிவந்தது!

“ஐயோ, ரத்தம்!” என்று ஜோயல் கட்டிலில் ஏறிவிட்டான்.

“ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சத்தண்ணிடா! ஆரத்தி மாதிரி, சுண்ணாம்பு பட்டதும் செவந்துடுச்சு.”

படகில் யார் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள்? சனிக்கிழமைக்கு முந்தின நாள் என்ன நடக்கிறது?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராகக் கரைக்குப் போனேன். வாசுதேவன் மாமாவின் மனைவி லோகநாயகி அத்தை, சொம்போடு படகில் ஏறிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார். பிறகு எஞ்சின் மேலும் டேங்க் மேலும் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கும்பிட்டார்.

டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம். அதில் தண்ணீர் தேங்கியது. நானும் படகில் ஏறிக் குனிந்து பார்த்தேன். குட்டிக் குட்டிக் குமிழிகள் வந்தன. தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது! மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, துண்டு துண்டாகத் தொங்கியது.

பக்கத்தில் ஆண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தினால் எல்லோருக்கும் கேட்கும். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தையையும் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால் அத்தையின் காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அடிப்பாவி! எஞ்சின் நிக்குதேன்னுதானே ஒரு சொம்பு ஊத்தினவ ரெண்டு சொம்பா ஊத்தினேன்!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“பொட்டு மட்டும் வச்சா போதும் அத்தை. தண்ணிய படகோட முன்பக்கம் ஊத்துங்க.”

அப்பா பழைய சைக்கிள் டியூபிலிருந்து வளையம் வெட்டிக் கொடுத்தார். அத்தையே நின்று டேங்கின் அடித்தண்ணீரை வடிக்க வைத்தார்.

மறுநாள் கரையில் காத்திருந்தோம். எனக்கு நகம் கடித்துக் கடித்து விரலே வலித்தது. தூரத்தில் ‘டப டப டப’ சத்தம். மாமாவின் படகு யாரும் இழுக்காமல் தானாகவே வந்துகொண்டிருந்தது!

அத்தைதான் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்: “டேங்குல தண்ணி ஊத்தினது சின்னராசு இல்ல. நான்தான்! கண்டுபுடிச்சது இந்தப் பொண்ணு!”

மாமா தலையைச் சொறிந்தார். “தப்பாப் பேசிட்டேன் சின்னராசு. மனசுல வெச்சுக்காத. நாளிக்கி வழக்கம்போல வந்துடு.”

அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார்.

இப்போது மற்றப் படகுக்காரர்களும் வளையம் கேட்கிறார்கள். டீசலில் ரப்பர் சீக்கிரம் ஊறிப்போவதால் அடிக்கடி மாற்ற வேண்டும். எங்களிடம் இருந்த டியூப் தீர்ந்துவிட்டது. ஜோயல் அப்பாவின் மொபெட் சக்கரத்தையே ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

அதனால் இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் கிழிந்த சைக்கிள் டியூப் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கோவளத்துக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள்.