படிக்கட்டில் கடல்

மாடிப்படியின் மூன்றாவது பலகை மட்டும் நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை, மழையும் இல்லை. கொறற்றி குனிந்து தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனாள். உப்பும் பாசியும் கலந்த, அவள் பிறந்த மன்னார்த் துறையின் மணம். கடலோ அந்த ஜெர்மன் கிராமத்திலிருந்து ஒரு நாள் ரயில் தூரம்.

அகதிகளுக்கென்று விட்ட அந்தப் பழைய வீட்டின் மேலறையில் அவளும் தங்கை புஷ்பமலரும் எண்பத்துநான்கிலிருந்து இரண்டு வருடம் ஒன்றாக இருந்தார்கள். கனடாவுக்குக் களவாகப் போகும் கப்பலில் இடம் கிடைத்தது தங்கைக்கு. ரொறொன்ரோ மாப்பிள்ளை முதலில் கொறற்றிக்குப் பேசப்பட்டவன். அக்காவும் தங்கையும் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு இளையவளைக் கேட்டான்.

"உன்ரை இந்தச் சிவப்புக் கோட்டு நான் கொண்டுபோறன் அக்கா. அங்கை குளிர் கூடவாம்." புஷ்பமலர் சிரித்துக்கொண்டே பொத்தான்களைப் பூட்டினாள். "நான் போய்ச் சேருமட்டும் அந்தோனியாருக்குத் திரி எரியட்டும். அணைய விட்டிடாதை."

"ஓம், ஓம். கெதியாய்ப் போ."

தங்கை போன பிறகு கொறற்றி மெழுகுதிரியை ஏற்றினாள். அந்தக் கோட்டு தன்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்ததை நினைத்தாள். இரண்டு விரலால் சுடரை நசுக்கினாள்.

அடுத்த கிழமைதான் பலகை நனைந்தது.

வீட்டுக்காரி ஹில்டெகார்ட் துணியோடு வந்தாள், துடைக்கவில்லை. அமெரிக்கா இங்கிலாந்து அரசனிடம் இருந்த காலத்தில் இந்த வீட்டாரும் அங்கே போனார்கள் என்றாள். முதலில் குடும்பம் குடும்பமாக, மரச்செருப்போடு, நிலம் தேடி. பிறகு தனியாட்களாக, கப்பல் கூலிக்குத் தங்கள் உழைப்பையே விற்று. கடைசியாகப் போனவளுக்காக யன்னலில் விளக்கேற்றி வைக்க அவளுடைய அக்கா இங்கே தங்கினாளாம்.

"வைத்தாளா?"

எத்தனை தரம் கழுவியும் கரி போகாத கொறற்றியின் விரல்களை ஹில்டெகார்ட் பார்த்தாள். காய்ந்த துணியை அவள் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

பொழுது சாய்ந்தபோது ஐந்தாவது பலகையும் நனைந்திருந்தது. பிறகு ஏழாவது. கொறற்றி கதவைப் பூட்டிவிட்டுத் தீக்குச்சி உரசினாள். திரியில் வைத்தாள். பற்றவில்லை. திரி ஈரம். இன்னொரு குச்சி. ஈரம்.

வெளியே பலகை முனகியது. மரச்செருப்புகள். ஒன்றல்ல. நிறைய.

"அக்கா. திற."

பூட்டு தானாகத் திறந்தது.

அந்த வீட்டிலிருந்து போனவர்கள் படிக்கொருவராக நின்றார்கள். பாசி ஒட்டிய தலைமயிர். ஒவ்வொரு கையிலும் அணைந்த விளக்கு. எல்லோருக்கும் முன்னால் புஷ்பமலர், தண்ணீர் சொட்டச் சொட்ட, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"உன்ரை கோட்டு அக்கா," என்று அதை விரித்துப் பிடித்தாள். "கையை உள்ளை விடு."

கோட்டின் கைகள் இரண்டும் தண்ணீரால் நிறைந்து, உள்ளே ஆள் இருப்பதுபோல் மெல்ல உயர்ந்தன.