ரப்பர் பை கேட்ட மூச்சு

நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்திருந்த இயந்திரம் பதின்மூன்று மூச்சு கொடுத்தது.

ஒன்று கூடினால் குடியா மூழ்கிவிடும் என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். அவனால் முடியவில்லை. அந்த மருத்துவமனையின் கருவிகளைப் பழுது பார்க்கிறவன் அவன். நர்ஸுகள் கேலியாக வைத்த பெயர் ‘ஸ்பானர் டாக்டர்’. தரைக்குக் கீழே ஜன்னலில்லாத அந்தப் பட்டறையில், வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போதும் குழல்விளக்குதான் வெளிச்சம். ஸ்பிரிட்டும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடையில், வென்டிலேட்டரின் குழாய் முனையில் சோதனைக்காக, நோயாளிக்குப் பதிலாக மாட்டியிருந்த கறுப்பு ரப்பர் பை புஸ்ஸென்று உப்பி, ஸ்ஸென்று அடங்கிக்கொண்டிருந்தது. இயந்திரம் தானாகக் கொடுக்கும் மூச்சுக்குத் திரையில் பச்சைக் கோடு விழும். நோயாளி இழுத்துக் கேட்டு வாங்கும் மூச்சுக்கு மஞ்சள். அந்தப் பதின்மூன்றாவது கோடு மஞ்சளாக இருந்தது.

ரப்பர் பை எங்கேயாவது மூச்சு கேட்குமா?

நேற்று மாலை ஆறாம் படுக்கையிலும் இதே இயந்திரம், இதே மஞ்சள்.

“அண்ணா, அவரேதான் இழுக்கிறாரோன்னு தோணுது,” என்றாள் நர்ஸ்.

“குழாய்ல தண்ணி தேங்கினா இப்படித்தான் ஏமாத்தும் சிஸ்டர். நான் எத்தனை பார்த்திருக்கேன்!”

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நோயாளியின் இழுப்பை உணரும் குமிழைக் கடைசி வரை திருகிக் குறைத்துவிட்டு வந்தான். மஞ்சள் நின்றது. விடியற்காலையில் ஆறாம் படுக்கைக்காரர் போய்ச் சேர்ந்தார். இயந்திரத்தை இங்கே கொண்டுவந்து குழாயைக் கழற்றியபோது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குமிழைப் பழையபடி திருப்பி வைத்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

செல்போன் அடித்தது. அக்காவின் கணவர்.

“மாப்ள, ஆபரேஷன் முடிஞ்சுது. உன் அக்காவுக்கு மூச்சுதான் சரியா வரலையாம். வேற மெஷின் எதுவும் காலியா இல்ல, உங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான்னு சொல்றாங்க. எப்ப அனுப்புற?”

“பாத்துக்கிட்டே இருக்கேன் மாமா.”

“சீக்கிரம்ப்பா. கையால பம்ப் பண்ணிக்கிட்டு நிக்கிறாங்க.”

அம்மா போனபின் அவனுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்கா. அவளுக்கு ஒன்று என்றால் தாங்கமாட்டான். குழாயை மாற்றினான். வடிகட்டியை மாற்றினான். எங்கும் கசிவில்லை. மஞ்சள் இரண்டானது. ஐந்தானது. அடங்கிய பை தானாக உள்ளிழுத்தது. இரு பக்கமும் ஒட்டி, விலகி, மறுபடி ஒட்டியது. பதினெட்டு. இருபத்தாறு.

கை குமிழுக்குப் போனது. மேலே போய்ச் சரியாக வைத்துக்கொள்ளலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு திருகினான்.

மஞ்சள் நின்றது. சமர்த்தாகப் பன்னிரண்டு.

பை நிற்கவில்லை.

இழுத்தது. இயந்திரம் கொடுக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தது. ரப்பர் மடிந்து கிறீச்சிட்டது. திரையில் அந்த இழுப்பு தெரியவே இல்லை. இரவு முழுக்க அந்த மனிதர் இப்படித்தான் கேட்டிருப்பார். இயந்திரத்தின் காதைப் பொத்தியவன் அவன்தான்.

லிஃப்ட் திறந்தது. நேற்றைய நர்ஸ்.

“ஆச்சாண்ணா? பன்னெண்டு. அழகா ஓடுதே!”

கொண்டுபோகாதே, நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். நெஞ்சு எழும்பவில்லை. பை ஒட்டிக் கிடந்தது. அது உப்பியபோதுதான் அவனுக்குள்ளும் கொஞ்சம் காற்று புகுந்தது. பேசப் போதவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

“அழாதீங்கண்ணா. அக்காவ நான் பாத்துக்கிறேன்.”

இயந்திரம் நின்ற சக்கர வண்டியைப் பிடித்தான். அவன் விரல்களை அவள் பரிவோடு விலக்கினாள். பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். லிஃப்ட் மூடியது.

பை தட்டையாகக் கிடந்தது. அவனுக்குள் ஊசிமுனை அளவு காற்று. தரையில் சரிந்தான். கதவு வரை தவழப் பார்த்தான். முடியவில்லை.

எவ்வளவு நேரமோ.

புஸ்.

மேசைமேல், குழாயே இல்லாத பை உப்பியது. மேலே அக்காவுக்கு மாட்டிவிட்டார்கள்.

ஸ்ஸ்.

அடங்கியது. ஒரு கணம் அசையாமல் இருந்தது.

பிறகு, மெதுவாக, இழுக்க ஆரம்பித்தது.