மாரிராஜ் தொட்டால் ஓடும் கார்

“அவனைக் கையும் களவுமா நீங்கதான் பிடிச்சுத் தரணும், மேடம்.”

உமா மகேஸ்வரி இப்படிச் சொன்னதும், தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாரூக் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார். வியாபாரத்தைவிட இந்த மாதிரி வம்பு வழக்கில்தான் மனுஷனுக்கு ருசி அதிகம். கடையின் ஓரத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பேராச்சி மட்டும் அவசரப்படாமல் கண்ணாடியைக் கழற்றினார். சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

“யாரை?”

“எங்க டிரைவர் மாரிராஜை. என் வீட்டுக்காரர் போனதுல இருந்து அவர் கார் குத்தாலத்து வீட்டு ஷெட்டுலயே கெடந்துச்சு. ஆறேழு வருஷம் இருக்கும். ஆவணியில மகளுக்குக் கல்யாணம். அப்பா கார்லதான் மண்டபத்துக்கு வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. டாங்கைக் கழுவி, பில்டரை மாத்தி, புதுப் பெட்ரோல் போட்டாச்சு. நல்லாத்தான் கெளம்புது. கொஞ்ச தூரத்துல பொசுக்குனு நின்னுருது. மாரிராஜ் டாங்கைத் திறந்து என்னமோ பண்ணுதான், உடனே ஓடுது.”

“நான் ஓட்டிட்டுப் போனா, அவன் வர்ற வரைக்கும் நடுரோட்டுல காவல்தான்” என்றார் கூட வந்திருந்த அவளுடைய தம்பி விஜயசங்கர். “அவன் ஒரு குச்சிய உள்ள விடுறத நானே பாத்தேன். வித்தா எனக்குக் குடுங்கன்னு கேட்டவன்தானே? ஓடாத வண்டின்னு ஆக்கிட்டா அடிமாட்டு விலைக்குக் கெடைக்கும்லா! ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்.”

“வண்டியப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் பொறுங்க” என்றார் பேராச்சி.

மறுநாள் காலையில் குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. ஷெட்டின் கதவைத் திறந்துவிட்டு மாரிராஜ் நனைந்தபடியே நின்றான். நாற்பது வயது ஆள், ஒரே ராத்திரியில் ஐந்து வயது கூடினாற்போல இருந்தான்.

“அரசு பஸ் டிரைவர் வேலை வந்திருக்கு மேடம். இந்த வாரம் போலீஸ் விசாரணை. என் பேர்ல ஒரு புகார் விழுந்தா எல்லாம் போச்சு. நான் தொட்டா ஓடுதுங்கறதுதான் என் குத்தமா?”

பாரூக்குக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் துப்பறிகிறவன் மனசை இளக விடலாமா? முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “அந்தக் குச்சி எதுக்குலே?” என்று கேட்டார்.

“பெட்ரோல் முள்ளு வேலை செய்யல அண்ணாச்சி. எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டுத்தான் பாக்கணும்.”

பேராச்சி ஷெட்டைச் சுற்றி வந்தார். ஜாக்கி, மண்வெட்டி, பழைய தண்ணீர் மோட்டார் என்று ஒன்று பாக்கியில்லாமல் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தன. “ஆயுத பூசைக்கு ஒரு சாமானையும் அம்மா விட மாட்டாங்க” என்றான் மாரிராஜ். காரை மட்டும் வெளியே பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள்.

ஐந்தருவிப் பாதையில் கிளப்பினார்கள். பாதி ஏற்றத்தில் வண்டி இருமியது, திணறியது, நின்றே விட்டது.

“குச்சி வேண்டாம். மூடிய மட்டும் திற” என்று சொல்லிவிட்டுப் பேராச்சி காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

‘புஸ்’ என்று ஒரு சத்தம். மறுபடி மூடிக் கிளப்பியதும் வண்டி சொன்னபடி கேட்டது. குச்சியில்தான் சூட்சுமம் என்று வழியெல்லாம் வாதாடி வந்த பாரூக்குக்கு முகம் தொங்கிவிட்டது. பேராச்சியோ பெட்ரோல் மூடியைக் கட்டைவிரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

“என்னக்கா?”

“பெட்ரோல் வாடை மட்டும் இல்ல பாரூக். மெக்கானிக்கையும் அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க.”

மத்தியானம் எல்லாரும் ஷெட்டில் கூடினார்கள். மெக்கானிக் ஹபீபுல்லா, வண்டி நிற்க ஆரம்பித்த பிறகு கழற்றி மாற்றிய பில்டரையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“பாய், பட்டறையில ஓட்டிப் பாத்தப்போ நின்னுச்சா?”

“இல்லியே மேடம். காலையில போட்டது மத்தியானம் வரைக்கும் ஓடுச்சு.”

“டாங்குக்கு மூடி போட்டிருந்தீங்களா?”

“உள்ள அடிக்கடி பாக்கணும்லா? துணியத்தான் சொருகியிருந்தேன்.”

பேராச்சி பில்டரை வெளிச்சத்தில் பிடித்தார். “டாங்குல எதையாவது போட்டிருந்தா இதுல சிக்கியிருக்கும். சுத்தமா இருக்கு. அதோட, உள்ள அழுக்கு இருந்தா மூடியத் திறந்ததும் சரியாயிருமா? திறந்தா உள்ள போறது ஒண்ணே ஒண்ணுதான். காத்து. எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டு ஊத்திப் பாருங்க, நின்னு நின்னுதான் வரும். இந்தக் காருக்கும் அப்படித்தான். பெட்ரோல் போகப் போக உள்ள காத்து வரணும். வர வழியில்லன்னா எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாது. மாரிராஜ் மருந்தும் போடல, மந்திரமும் போடல. அளவு பாக்கத் திறந்தான், காத்து போச்சு, வண்டி ஓடுச்சு. உங்க தம்பி திறக்கல, ஓடல.”

“காத்து வர்ற வழி எங்க?” என்றார் விஜயசங்கர், நம்பாத குரலில்.

“மூடிக்கு நட்ட நடுவுல ஒரு துளை.”

மூடியை நீட்டினார். துளையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம் அடுக்கடுக்காக இறுகி, மேலே குங்குமம் கறுத்துப் போயிருந்தது.

உமா மகேஸ்வரியின் கை வாய்க்குப் போனது. “அய்யோ! நான்ல்லா வச்சேன். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு… அவர் நினைப்புல கொஞ்சம் கூடுதலாவே வைப்பேன்.”

“பொட்டை நடுவுலதானே வைப்போம்?” என்றார் பேராச்சி மெதுவாக.

“நான் பாக்கத்தான் செஞ்சேன்” என்று ஹபீபுல்லா தலையைச் சொறிந்தார். “சாமிக்கு வச்ச சந்தனம். நான் போய்ச் சுரண்டினா அம்மா மனசு சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன்.”

பேராச்சி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தித் திறந்தார். பாரூக்குக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. விஜயசங்கரின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

“அக்கா… காலையிலேயே ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்.”

“பொறுங்கன்னு சொன்னேனே!” பேராச்சியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

மாரிராஜ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “இனி வண்டி ஓடி என்னம்மா? என் பொழப்புல மண்ணு விழுந்துட்டே” என்று விம்மினான்.

உமா மகேஸ்வரி கார்ச் சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

“நீ ஓட்டு. மாரி, எந்திரி. பின்னால ஏறு.”

“நான் ஓட்டுதேன்மா…”

“நீ ஓட்டக் கூடாது. என் பக்கத்துல உக்காரு. ஸ்டேஷன்ல இவன் குடுத்ததை இவனே திரும்ப வாங்கட்டும். காரைக் கெடுத்தது நான்தான்னு நான் சொல்லுதேன். உன்னைப் பத்தி விசாரிக்க யார் வந்தாலும் என்கிட்ட அனுப்பு.”

விஜயசங்கர் முன்னால் ஏறினார். முதலாளி இருந்த காலமெல்லாம் தான் ஓட்டிய காரின் பின்சீட்டில் மாரிராஜ் முதல்முறையாக, விளிம்பில், உட்கார்ந்தான். கியர் கர்ரென்று கத்தியது, வண்டி குலுங்கியது. விஜயசங்கர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாரிராஜ் சொன்னான்: “கிளச்சை முழுசா மிதிங்க, சார்.”

விஜயசங்கர் மிதித்தார்.